சதுர அடியில் வாசித்தவர்

வட ஆற்காடு ஜில்லாவில் தோலைச் சதுர அடியில் அளந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். நாவலைச் சதுர அடியில் அளந்தவர் ஒருவர்தான். இரண்டாவதாக ஒருவர் இருந்திருந்தால் தமிழ் இலக்கியமும் தோல் ஏற்றுமதியும் ஒரே வருடத்தில் படுத்திருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் ராணிப்பேட்டை டேனரி ஒன்றில் நான் ஆபீஸ் மேனேஜர். அவர் அளவுப் பிரிவு கிளார்க். அவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அது புழங்கியதில்லை. முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ‘சதுரடி’.

பதனிட்ட தோல் மெஷினில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும்போது முள் அதன் பரப்பளவைக் காட்டும். அதைத் தோலின் பின்பக்கம் நீல சாக்பீஸால் எழுதுவது சதுரடியின் வேலை. எழுதியதை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அளப்பவனை நம்பக் கூடாது, சரிபார்ப்பவனையும் நம்பக் கூடாது, இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் நம்பலாம் என்பது எங்கள் தொழிலின் தத்துவம். அரசாங்கமும் அப்படித்தான் நடக்கிறது என்பதால் எனக்கு அதில் ஆட்சேபணை இருந்ததில்லை.

ஆட்சேபணை வந்தது ஒரு ஜனவரி இரண்டாம் தேதி. சதுரடி டைப் அடித்த தாள் ஒன்றை என் மேசையில் வைத்தார். அந்த வருடத்துக்கான வாசிப்பு இலக்கு: இரண்டாயிரம் சதுர அடி. கீழே ‘சரிபார்ப்பவர்’ என்று போட்டு என் பெயர்.

“என்னய்யா இது? புத்தகத்தை எண்ணிக்கையில சொல்லக் கூடாதா?”

“எப்டி சார் சொல்றது? நூறு புக்கு படிச்சேன்றான் ஒருத்தன். எந்த சைஸ் புக்கு? ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் ஒண்ணா சார்? நூறு தோல்னு எவனாவது பில்லு போடுவானா?”

முப்பது வருட உத்தியோகத்தில் நானும் அப்படி ஒரு பில் போட்டதில்லை. கையெழுத்துப் போட்டேன். தாள் நோட்டீஸ் போர்டுக்குப் போயிற்று. ‘சுண்ணாம்புத் தொட்டி அருகே ஓடாதீர்கள்’ என்ற எச்சரிக்கைக்குப் பக்கத்தில் அது பல வருடம் இடம்பிடித்தது, இலக்கு மட்டும் வருடா வருடம் மாறி.

அளக்கும் முறை கறாரானது. அச்சடித்த பரப்பு மட்டும்தான் கணக்கு. ஓரத்து வெள்ளை எல்லாம் கழிவு. படம் இருந்தால் அதைத் தோலில் ஓட்டை மாதிரி பாவித்துக் கழித்துவிடுவார். வாரப் பத்திரிகைகளை அவர் தொடவே மாட்டார். “அது சல்லடை சார், ஓட்டைய விட்டா ஒண்ணும் இல்ல” என்பார். இதை ஒரு வாரப் பத்திரிகையிலேயே எழுத வேண்டிவந்ததற்கு ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

தினசரி இவ்வளவு சதுர அடி என்று ஒரு ஒதுக்கீடு உண்டு. அது எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில் புத்தகம் மூடப்படும். ஒரு நாவலில் கதாநாயகி கிணற்றுச் சுவர் மேல் ஏறி நின்றபோது அன்றைய அளவு முடிந்துவிட்டது. அடுத்த நாள் ஞாயிறு, சர்ச்சுக்குப் போகும் நாள், வாசிப்பு கிடையாது. அந்தப் பெண் திங்கட்கிழமை வரை கிணற்று மேலேயே நின்றாள்.

பஜாரில் காதர் பாய் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தார். ஒருநாள் அவர் ஆபீஸுக்கே வந்துவிட்டார், கையில் ஐந்தாறு நாவல்களோடு.

“இன்னா சார் இது, உங்க ஆளு ரொம்ப பேஜார் பண்றான். புக்கு பின்னால பாருங்க.”

பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் நீல சாக்பீஸில் பரப்பளவு. அதற்குக் கீழே, தோலுக்குப் போடுவது போலவே தரம். ‘மூன்றாம் தரம். முதுகு பரவாயில்லை. வயிற்றுப் பக்கம் தொளதொள.’ இன்னொன்றில், ‘கழுத்துச் சுருக்கம் ஜாஸ்தி, முதல் நாற்பது பக்கம் வெட்டினால் தேறும்.’ மற்றொன்றில் ஒரே சொல்: ‘கழிவு.’

“இதப் பாத்துட்டு ஒருத்தனும் எடுக்க மாட்டேன்றான் சார். வியாபாரமே கம்மியாப் போச்சு.”

சதுரடியைக் கூப்பிட்டு விசாரித்தேன். “நான் பொய் எழுதியிருக்கேனா, பாய் சொல்லட்டும் சார்” என்றார். பாய் சற்று யோசித்துவிட்டு, பொய் என்று சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார். இரண்டு மாதத்தில் வாடிக்கைக்காரர்கள் “ஃபர்ஸ்ட் இருந்தா குடு பாய்” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு கடையில் இருந்த எல்லாப் புத்தகமும் ஃபர்ஸ்ட் ஆகிவிட்டது. பாயே ஒரு நீல சாக்பீஸ் வாங்கிக்கொண்டார்.

எங்கள் மனமகிழ் மன்றத்து ஆண்டு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு எழுத்தாளரை அழைத்திருந்தோம். பெயர் வேண்டாம், அவருக்கு இன்னும் வாசகர்கள் இருக்கக்கூடும். அறுநூறு பக்க நாவல் எழுதியவர். பேசி முடித்துவிட்டுக் கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார். கேட்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எல்லாப் பேச்சாளர்களும் சொல்வதுதான். சதுரடி எழுந்தார்.

“உங்க புக்கு முழுசாப் படிச்சேன் சார். நல்ல வெயிட்டு. ஆனா உப்பு ஜாஸ்தி.”

எழுத்தாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு புன்னகை செய்தார். கூட்டத்தில் இருந்த தொழிலாளிகள் தரையைப் பார்த்தார்கள். பச்சைத் தோல் விற்கிறவன் எடை கூட்ட உப்பை அள்ளிப் பூசிக்கொண்டு வருவான். வாங்குகிறவன் தோலை உதறிவிட்டுத்தான் தராசில் போடுவான். இது ராணிப்பேட்டையில் குழந்தைகளுக்கும் தெரியும்.

“ஒதறினா பாதி கொறையும் சார்” என்று சதுரடி விளக்கிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மன்றத்து விழாக்களுக்கு நாங்கள் பாட்டுக் கச்சேரி மட்டுமே வைத்தோம்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் அமையுமா? முப்பத்தாறு வயதாகிவிட்டது. அப்பா அம்மா இல்லை. மூன்று நான்கு இடம் பார்த்து எதுவும் கூடிவரவில்லை. சோளிங்கர் பக்கம் ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அவர் மகள் எஸ்தர் அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று தகவல் வந்தபோது, பொங்கல் விடுமுறையில் பெரிய மனிதர் என்ற பதவியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வீடு அடக்கமாக இருந்தது. முறுக்கும் காப்பியும் வந்தன. எஸ்தருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள். தலையைக் குனிந்துகொள்ளாமல் எதிர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள்.

“நிறைய படிப்பீங்கன்னு சொன்னாங்க.”

“போன வருஷம் கழிவு போக ரெண்டாயிரத்துச் சொச்சம் சதுரடிங்க.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “எந்தப் பக்கம் தம்பி? ரோட்டு மேலயா?”

நான் குறுக்கிட்டு, மனை இல்லை, நாவல் என்று விளக்க வேண்டியிருந்தது. மலர்ந்தது வாடிற்று. எஸ்தர் மட்டும் ஆர்வமாக முன்னால் சாய்ந்தாள்.

“ரெண்டாயிரம் சதுரடில ஏதாவது ஒரு கதை சொல்லுங்க.”

சதுரடி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “ஒரு வக்கீல் இருந்தாருங்க. இல்ல, டாக்டரு. அவருக்கு ஒரு தங்கச்சி. தங்கச்சியா, மச்சினியா...”

“சரி, அப்புறம்?”

“அப்புறம்... நூத்தி எழுவதாம் பக்கம் வரைக்கும் பளபளன்னு இருக்கும்ங்க. அதுக்கு மேல கொஞ்சம் தொளதொள.”

அவள் சிரிக்கவில்லை. “வார்டுல வலி தாங்காம தூங்காதவங்களுக்கு நான் கதை சொல்வேன்” என்றாள். “மருந்து ஒரு அளவுக்கு மேல குடுக்க முடியாது. கதை குடுக்கலாம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீந்து போச்சு. நீங்க படிக்கிறவர்னதும் ஆசையா இருந்தேன்.”

சதுரடி முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தார்.

“ஒண்ணு பண்ணுங்க” என்றாள் எஸ்தர். “இந்த வருஷம் முடியறப்ப வாங்க. படிச்சதுல இன்னா தங்குச்சுன்னு பாப்போம். மத்தத அப்புறம் பேசலாம்.”

“எஸ்தரு, ஒரு வருஷமாம்மா?” என்றார் அப்பா.

“இத்தன வருஷம் இருந்தாச்சுப்பா. இன்னும் ஒண்ணு இருந்தா இன்னா.”

திரும்பும்போது பஸ்ஸில் சதுரடி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகச் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர்களைக் கண்ணாலேயே அளந்துகொண்டு வருவார். அன்று எதையும் பார்க்கவில்லை.

“சார், மறுபடி வரச் சொன்னாங்களே. அது மரியாதைக்கா, நெசமாவா?”

“நெசமாத்தான்யா. மரியாதைக்குச் சொல்றவங்க கெடு சொல்ல மாட்டாங்க.”

வாலாஜா தாண்டியதும், “நான் இத்தன வருஷமா ஈரத்துல அளந்துட்டேன் சார்” என்றார்.

ஈரத் தோல் தாராளமாக விரிந்து கொடுக்கும்; காய்ந்தால் சுருங்கும். அதனால் எங்கள் டேனரியில் இரண்டு அளவு. ஈரத்தில் ஒன்று, காய்ந்த பின் ஒன்று. பில் போடுவது காய்ந்த அளவுக்கு. அன்று முதல் சதுரடி புத்தகத்துக்கும் காய்ந்த அளவு எடுக்கத் தீர்மானித்தார். படித்து ஒரு மாதம் கழித்து, நானும் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்க வேண்டும். மறந்த பகுதிக்குச் சதுர அடி கழியும்.

ஒரு முழு வருடம் என் மதியச் சோறு இப்படித்தான் இறங்கியது.

“கொலை பண்ணது யாரு?”

“தெரியல சார். ஆனா அவங்கிட்ட ஒரு சைக்கிள் இருந்துச்சு.”

“கதாநாயகி கடைசியில யாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா?”

“கல்யாணம் ஆச்சு சார். கேசரி போட்டாங்க.”

கதாநாயகியின் பெயர் மறந்தால் கால் பங்கு கழிவு. முடிவு மறந்தால் முழுப் புத்தகமும் போயிற்று. அச்சகத்தின் பெயர், காகிதத்தின் கனம், அட்டையின் நிறம் எல்லாம் துல்லியமாகச் சொல்வார். அவற்றுக்கு மதிப்பெண் தர விதியில் இடமில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் கழித்துக்கொள்வார். பிப்ரவரியில் இருநூறு சதுர அடி படித்தார். மார்ச்சில் அது ஒரு செருப்பு தைக்கும் அளவுக்குச் சுருங்கியது.

வல்லாரைக் கீரை சாப்பிட்டுப் பார்த்தார். உரக்கப் படித்தால் தங்கும் என்று யாரோ சொல்ல, தோல் உலர்த்தும் முற்றத்தில் நின்று உரக்கப் படித்தார். அங்கே வேலை செய்த முனியம்மா ஒருநாள் கேட்டாள்: “அந்தப் பொண்ணு கடைசீல இன்னா ஆனா அண்ணே?”

“இன்னிக்கு அளவு முடிஞ்சிடுச்சும்மா.”

“அடப் போண்ணே. தாலி கட்டற நேரத்துல மெஷின நிறுத்திட்டியா? உனக்கெல்லாம் எவ பொண்ணு குடுப்பா?”

அவள் தெரியாமல்தான் சொன்னாள். சதுரடி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து தினசரி ஒதுக்கீடு ரத்து என்று நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்தது. முறைப்படி நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் கடைசியில் டேனரியில் இருப்புக் கணக்கு எடுப்போம். சதுரடியும் அவருடைய இருப்பை எடுத்தார். ஜனவரி முதல் படித்த ஒவ்வொன்றையும் நான் சொல்ல, அவர் கண்ணை மூடி யோசிக்க, ஒவ்வொன்றாக அடிபட்டது. ஒரு மாதம் தாங்கிய ஒன்றிரண்டும் வருடக் கடைசியைத் தாங்கவில்லை. மாலையில் தாளை நீட்டினார். நிகர இருப்பு: இல்லை.

அதைப் பார்த்தபோது, தொழில்முறையில் எனக்கு வலித்தது. எங்கள் டேனரியில் எந்த இலக்கும் நிறைவேறாமல் போனதில்லை. நிறைவேறாதவற்றை என்ன தலைப்பில் காட்டுவது என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் சம்பளம்.

“இதை இப்படியே கொண்டு போகாதே. ‘பதனிடும் நிலையில் உள்ள இருப்பு’னு ஒரு தலைப்பு போடலாம். எவ்வளவு வேணும்னாலும் அதுல வைக்கலாம். எந்த ஆடிட்டரும் கேட்க மாட்டான்.”

“அவங்க ஆடிட்டர் இல்ல சார், நர்ஸு. டெம்பரேச்சர் எடுத்து எடுத்துப் பழகினவங்க.”

“அப்ப ரெண்டு கதை நான் சொல்லித் தர்றேன். பாடம் பண்ணிக்கோ.”

“அது உங்க இருப்பு சார்.”

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். எஸ்தர் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா எங்களை எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. எஸ்தர் எதிர்பார்த்தாள் என்பதும் தெரிந்தது; கேக்கை முன்பே வெட்டித் தட்டில் வைத்திருந்தாள்.

சதுரடி உட்காரவே இல்லை. தாளை நீட்டினார். அவள் படித்தாள். படிக்க ஒரே வரிதான். ஆனாலும் நேரம் எடுத்துக்கொண்டாள்.

“ஒண்ணு கூடவா இல்ல?”

“கணக்குல ஒண்ணும் இல்லீங்க.” செருப்பு விட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்தார். போய்விடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். “கணக்குல வராதது ஒண்ணு இருக்கு. அது கதையானு தெரியல.”

“சொல்லுங்க.”

“வடை கட்டிக் குடுத்த பேப்பருங்க. ஏதோ புக்குல கிழிச்சது. ஒரு ஊர்ல ஒரு சலூன்காரரு. தெனமும் ஷேவிங்குக்கு வர்ற ஒரு ரிட்டயர்டு தாசில்தாரு. ரெண்டு பேரும் சின்ன வயசு தோஸ்து. எதுக்கோ சண்ட. இருவது வருஷமாப் பேச்சு இல்ல. ஆனா அவரு வேற கடைக்குப் போகல. இவரும் வராதேன்னு சொல்லல. தெனம் காலைல வந்து உக்காருவாரு, மோவாயத் தூக்குவாரு. இவரு சோப்பு போடுவாரு, வழிப்பாரு. அவரு எழுந்து போய்டுவாரு. ஒரு வார்த்த கிடையாது. தண்ணி சில்லுன்னு இருந்தா தோள லேசாக் குலுக்குவாரு. இவரு மறுநாள் வெந்நீர் வெப்பாரு.”

சொல்லும்போது அவர் கை அவரை அறியாமல் கத்தி தீட்டிற்று. மோவாயைத் தூக்கிக் காட்டினார். சோப்பு நுரையைத் துடைத்தார். இந்த மனிதரோடு ஒன்பது வருடம் வேலை செய்திருக்கிறேன். அந்தக் கை சாக்பீஸை மறந்து பார்த்தது அன்றுதான்.

“ஒரு நாளு தாசில்தாரு வந்து உக்காந்தாரு. முகம் சரியில்ல. இவரு கத்திய அவரு தொண்டைல வெச்சாரு. அவரு இவரு கையப் புடிச்சு நிறுத்தினாரு. வாயத் தொறந்தாரு.”

“அப்புறம்?”

“கிழிஞ்சுபோச்சுங்க. அவ்ளோதான் பேப்பரு. எட்டு மாசமா காதர் பாய் கடைல ஒவ்வொரு புக்கா எடுத்துத் தேடறேன். கெடைக்கல. ராத்திரில படுத்தா அவரு வாயத் தொறந்துக்கினே இருக்காரு.”

சரிபார்ப்பவர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. “துண்டுத் தோல் அளவுக்கு வராதும்மா. விதிப்படி அதை இருப்பில் சேர்க்க முடியாது” என்றேன்.

“காப்பி ஆறுது, குடிங்க சார்” என்றாள் எஸ்தர். பிறகு அவரைப் பார்த்து, “உக்காருங்க. தாசில்தார் இன்னா சொல்லியிருப்பாரு?”

“மன்னிப்பு கேட்டிருப்பாருங்க.”

“மாட்டாரு.”

“பின்ன?”

“‘மீசைய இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணு’ன்னு சொல்லியிருப்பாரு.”

“அது எப்டிங்க? இருவது வருஷம் பேசாத மனுஷன் மீசையப் பத்தியா பேசுவாரு?”

“அதுதான் மன்னிப்பு. எங்க வார்டுல வந்து பாருங்க. சாகக் கெடக்கறவங்க கூட மன்னிச்சுக்கோன்னு சொல்ல மாட்டாங்க. தலகாணிய சரி பண்ணுன்னுதான் சொல்வாங்க.”

“இல்லீங்க. கையப் புடிச்சாரே. மீசைக்கு எதுக்குக் கையப் புடிக்கணும்?”

“புடிக்கலாம். கை நடுங்குனா புடிக்கலாம்.”

“யாரு கை?”

“சலூன்காரர் கை. அவருக்கும் வயசாச்சு இல்ல?”

சதுரடி அப்போதுதான் உட்கார்ந்தார். அந்தக் கை நடுங்கும் என்பது எட்டு மாதத்தில் அவருக்குத் தோன்றவில்லை. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்பாவும் நானும் தட்டில் இருந்த கேக்கை முடித்தோம். சண்டை எதனால் வந்திருக்கும் என்பதில் சதுரடிக்கும் எஸ்தருக்கும் பெரிய தகராறு. நிலத்தால் என்றார் அவர். பெண்ணால் என்றாள் இவள். வெளிச்சம் சாய்ந்தது. அப்பா எழுந்து விளக்கைப் போட்டார். இருவரும் கவனிக்கவில்லை.

“கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுய்யா” என்றேன்.

“நீங்க கௌம்புங்க சார்” என்றார், என் பக்கம் திரும்பாமலே. “தாசில்தாருக்குப் பொண்டாட்டி இருந்தாங்களான்னு தெரியணும்.”

எஸ்தரின் அப்பா பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். “பையன் ராத்திரி பக்கத்துல எங்க தம்பி வீட்டுல படுத்துக்கட்டும் சார்” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “ஈஸ்டருக்குப் பின்னாடி வெச்சுக்கலாமா?” என்று கேட்டார். பெண்ணிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. வெச்சுக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். ராணிப்பேட்டை டிக்கெட் கொடுத்த கண்டக்டர் என் பக்கத்து இடத்தில் இருந்த கைப்பையைப் பார்த்தார்.

“யாருக்கு சார் எடம் போட்டு வெச்சிருக்கீங்க? ஆளு வருமா?”

“வராது” என்றேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.